ஃபோன்டான் அறுவை சிகிச்சை: முப்பதாம் ஆண்டின் கணக்கு

வலது கீழறை ரத்தத்தை இறைக்காவிட்டால் நுரையீரலுக்கு ரத்தம் போகாது என்ற நம்பிக்கையை, பிரான்சின் போர்தோ நகரில் 1968-ல் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் செய்த அறுவை சிகிச்சை உடைத்தது. மூவிதழ் வால்வே உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளுக்காக அவர் கண்ட வழி அது. பத்தாயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு வரும் குறை. 1971-ல் அவரும் சக மருத்துவர் போதேயும் அதை எழுதி வெளியிட்டார்கள். பிறகு, ஒரே ஒரு கீழறை மட்டும் உருப்படியாக அமைந்த பலவகை இதயங்களுக்கும் அதுவே இறுதிக்கட்ட சிகிச்சையாயிற்று.

உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை இதயத்துக்குள் விடாமல், பெருஞ்சிரைகளை நுரையீரல் தமனியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். இருக்கும் ஒரே கீழறை உடலுக்கு மட்டும் இறைக்கிறது. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலப்பது நிற்கிறது. உதடும் நகமும் நீலம் நீங்குகின்றன. படிக்கட்டு ஏற முடியாத குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் நன்மை எங்கிருந்து வருகிறதோ, குறையும் அங்கிருந்தே வருகிறது. நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ள இனி பம்ப் கிடையாது. கடைமடைக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் மேலே மட்டம் உயர்ந்தே இருக்க வேண்டும். அதுபோலச் சிரைகளில் அழுத்தம் இரவும் பகலும் உயர்ந்தே இருக்கிறது. அதன் சுமை கல்லீரலில் இறங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறத்தாழ எல்லோருடைய கல்லீரலும் ஓரளவு தழும்பேறுகிறது. சிலருக்குப் புற்றுநோய் வரை போகிறது. சிலருக்குக் குடல் வழியே புரதம் கசிந்து உடல் வீங்குகிறது. இதயத்துடிப்பு தாறுமாறாவதும் ரத்தம் உறைவதும் உண்டு.

அறுவை மருத்துவர்கள் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. தொடக்கத்தில் வலது மேலறையையே தமனியோடு தைத்தார்கள். அது நாளடைவில் பலூனாக வீங்கியது. அந்த அறைக்குள் ரத்தம் சுழன்று விசையை இழக்கிறது என்று 1988-ல் லண்டனில் மார்க் டி லேவால் காட்டி, மேலறைக்குள் நேரான பாதை அமைத்தார். 1990-ல் ரோமில் மார்செலெட்டி குழுவினர் இதயத்துக்கு வெளியே செயற்கைக் குழாய் வைத்தார்கள். மேலறை தப்பியது, குழாயோ குழந்தையோடு சேர்ந்து வளராது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிக்கலைக் குறைத்தது. பம்ப் இல்லை என்ற அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

எண்கள் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1,052 பேரை நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், 10 ஆண்டு உயிர்வாழ்வு 74 விழுக்காடு, 20 ஆண்டு 61, 30 ஆண்டு 43. 2001-க்குப் பின் அறுவை செய்துகொண்டவர்களில் 10 ஆண்டு உயிர்வாழ்வு 95 விழுக்காடு. இந்த 95-ஐ மட்டும் எடுத்துக்காட்டி நிம்மதி தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைகள் முப்பதாம் ஆண்டை இன்னும் எட்டவில்லை. கல்லீரல் பத்தாண்டுகளில் தன் கணக்கை முடித்துக்கொள்வதும் இல்லை. பழைய 43-ஐ இன்றைய குழந்தைக்கு அப்படியே பொருத்துவதும் தவறுதான். அன்றைய முறை வேறு, அன்று அறுவையிலேயே இறந்தவர்களும் அதிகம்.

இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிப்பது ஃபோன்டானையேதான். எல்லாம் மிகச் சரியாக அமைந்த ஒரு நோயாளிக்குக்கூட இந்தச் சுற்றோட்டம் காலப்போக்கில் தளரும் என்று 1990-ல் அவரும் கிர்க்லின் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் கணக்கிட்டு எழுதினார்கள். தன் பெயர் தாங்கிய சிகிச்சையைப் பற்றி அப்படி எழுத நேர்மை வேண்டும். இந்தத் தளர்ச்சியை மருந்தால் ஈடுகட்டும் முயற்சியும் இதுவரை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 400 வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2020-ல் முடிவு வெளியான உடெனாஃபில் என்ற மருந்தின் ஆய்வு, உச்ச உழைப்பில் ஆக்ஸிஜன் பயன்பாட்டைக் கூட்டுவது என்ற தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

என் தீர்ப்பு இது: அறுவை நியாயமானது, அதன் பின்னான ஏற்பாடுதான் போதாது. இதயமாற்று ஒரு நாள் தேவைப்படலாம் என்பதை, குழந்தைக்கு இரண்டு மூன்று வயதாகும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-ல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டம் 18 வயது வரைக்கும்தான். இந்த உடல்களுக்குத் தொல்லை கூடுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஒற்றைக் கீழறையோடு வளர்ந்தவர்களைப் பார்க்கத் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும், கல்லீரல் நிபுணர் உடனிருக்கும் பிரிவுகளும் அரசு மருத்துவமனைகளில் வேண்டும். ஃபோன்டான் செய்துகொண்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எக்கோ நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். கல்லீரலைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள்.