வேளைக்கீரை வறுமையின் அடையாளமா? புறப்பாடல்களின் தாவர உணவு குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றிய ஆய்வு தமிழில் நீண்ட வரலாறு உடையது. பி.எல்.சாமி, கு.சீநிவாசன் முதலிய அறிஞர்கள் சங்கப் பாடல்களில் வரும் செடி, கொடி, மரங்களை இன்றைய தாவரவியலின் துணையோடு அடையாளங்கண்டு ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தனர். எனினும் அவர்களுக்குப் பின் எழுந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பட்டியலிடுதலோடு நின்றுவிட்டன. தாவரத்தின் பெயர், அது வரும் பாடல் எண், அதன் தாவரவியற்பெயர், மருத்துவப் பயன் என்னும் நான்கு கட்டங்களுக்குள் பாடல் அடைக்கப்படுகிறது. அத்தாவரத்தை யார் பறித்தார், எதனோடு சேர்த்துச் சமைத்தார், யாரோடு உண்டார் என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை.

இவ்விடுபாடு ஒரு தவறான முடிவுக்கு இடமளித்துள்ளது. பயிரிடப்படாத கீரையும் கிழங்கும் விதையும் புறப்பாடல்களில் வறுமையைக் குறிக்கவே வருகின்றன என்பது வகுப்பறைகளில் ஏறத்தாழ முடிந்த முடிவாகவே சொல்லப்படுகிறது. இம்முடிவு பொருந்துமா என்பதை வேளை என்னும் ஒரே கீரையை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதும், இவ்வாசிப்பால் இன்று நேரும் விளைவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கீரை, மூன்று அடுப்புகள்

வேளைக்கீரை சமைக்கப்படும் மூன்று இடங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, பலராலும் எடுத்துக்காட்டப்படும் சிறுபாணாற்றுப்படைக் காட்சி. நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூர்கிறான். கூரை சிதைந்த அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் குரைத்துக் கிடக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்கின்றனர்.

இரண்டாவது, புறநானூற்று 215ஆம் பாடல். ஆயர்குலப் பெண் வேளையின் வெண்ணிறப் பூவைத் தயிரிலிட்டு, குற்றிய வரகரிசிச் சோற்றோடு சேர்த்துப் புளிப்புச் சுவையுடைய கூழாக ஆக்குகிறாள். அவரை கொய்பவர்கள் அதனை வயிறார உண்கின்றனர். இங்கு வறுமையும் இல்லை, நாணமும் இல்லை. பிசிராந்தையார் வாழும் பாண்டிநாட்டின் வளத்தைக் காட்டவே இவ்வுணவு பேசப்படுகிறது. பாடியவனோ வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன். உணவைத் துறந்து உயிர்விடத் துணிந்த ஒரு வேந்தன் தன் நண்பனின் நாட்டை நினைக்கும்போது, அரண்மனை விருந்தை விடுத்து வேளைப்பூக் கூழை நினைக்கிறான் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடல். கணவனை இழந்த பெண்ணுக்கு விதிக்கப்பட்ட உணவாக வேளை வருகிறது. எள்ளரைத்த விழுதும் புளியும் சேர்த்து அது சமைக்கப்படுகிறது. உடன் நெய் சேராத, கையால் பிழிந்த சோறு. இவ்வாழ்வை ஏற்க மறுத்து ஈமத்தீயைத் தேர்கிறாள் அரசி.

கீரை ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் அது வறுமை, ஓரிடத்தில் வளம், ஓரிடத்தில் கைம்மை. எனவே வறுமை என்னும் பொருள் தாவரத்தில் இயல்பாக உறைவதன்று என்பது தெளிவாகிறது. அப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதே ஆராயப்பட வேண்டியது.

பக்குவம் என்னும் அறிவு

வேளை இன்று நல்வேளை, தைவேளை என்னும் பெயர்களால் வழங்கப்படுகிறது. மஞ்சள் பூப் பூக்கும் நாய்வேளை இதனின் வேறானது. கோப்பெருஞ்சோழன் பாடல் பூவின் வெண்மையைக் குறிப்பதால் அங்குச் சுட்டப்படுவது நல்வேளையே எனக் கொள்வதில் தடையில்லை. இதன் இலைச்சாறு காதுவலிக்குப் பயன்படுவதை நாட்டு மருத்துவம் அறியும்.

இக்கீரையின் இயல்பு கசப்பாகும். இதே தாவரத்தைக் கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் இன்றும் விரும்பி உண்கின்றனர். கென்யாவில் இதனை வேகவைத்துப் பாலோ பாலேடோ சேர்த்து வைத்திருந்து, கசப்புத் தணிந்தபின் உண்பது பரவலான வழக்கம். இச்செய்தியின் துணையோடு புறப்பாடல்களை மீண்டும் நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படுகிறது. ஆய்மகள் வேளைப்பூவைத் தயிரிலிடுவது அழகுக்காகச் சொல்லப்பட்ட வருணனையன்று. கசப்பை முறிக்கும் பக்குவம். 246ஆம் பாடலில் வரும் எள்விழுதும் புளியும் அவ்வாறே கொள்ளத்தக்கவை. எண்ணெய்ப்பசையும் புளிப்பும் கசப்பை அடக்குவன என்பதை அடுப்படி அறிந்தோர் அறிவர்.

இவ்விரண்டோடும் ஒப்பிடும்போது சிறுபாணாற்றுப்படைக் காட்சியின் கூர்மை விளங்குகிறது. கிணைமகளிடம் கீரை இருக்கிறது. தயிர் இல்லை, எள் இல்லை, புளி இல்லை, உப்புக்கூட இல்லை. புலவர் உப்பின்மையை மட்டும் எடுத்துச் சொல்வதன் காரணம் இதுவே. வறுமையைக் காட்டுவது வேளை அன்று. வேளையைப் பக்குவப்படுத்தும் துணைப்பொருளின் இன்மையே. 159ஆம் புறப்பாடலில் பெருஞ்சித்திரனாரின் மனைவி பறித்த கீரைக்கும் உப்பும் மோரும் இல்லை என்பதே சொல்லப்படுகிறது. இன்மையின் பட்டியல் கீரைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இருக்கும் ஒரே பொருள் கீரை. ஆதலின் அதனை வறுமையின் அடையாளம் என்பதைவிட வறுமைக்கு எதிரே நின்ற கடைசித் துணை என்பதே பொருந்தும்.

நாணமும் விருப்பமும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 246ஆம் பாடலில் பக்குவம் நிறைவாக இருந்தும் வேளை துன்ப உணவாகத்தானே வருகிறது என்று வினவலாம். வினா நியாயமானதே. அப்பாடலில் இல்லாமற் போனது நெய் மட்டுமன்று. உண்பவளின் விருப்பமும் இல்லாமற் போயிற்று. அவ்வுணவு அவள் தேர்ந்ததன்று, அவள்மேல் விதிக்கப்பட்டது. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாடல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. இளமையில் தழையுடையாகிப் பெண்ணை அழகுசெய்த ஆம்பல், அவள் கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் அல்லியரிசியாகிறது. ஆம்பல் மாறவில்லை. வாழ்வு மாறியது. தாவரத்தின் பொருள் அதனைச் சூழ்ந்த உறவால் அமைகிறது என்னும் கருத்தைப் புலவரே பாடலின் கட்டமைப்பாக்கியுள்ளார்.

இதற்கு நேரெதிராக நிற்பது 197ஆம் பாடல். ஆட்டுக்குட்டி மேய்ந்து எஞ்சிய முஞ்ஞைக்கீரையை வரகுச்சோற்றோடு உண்ணும் சீறூர் மன்னராயினும், தம் தகுதியறிந்து நடப்போரையே மதிப்போம் என்கிறார் மாடலன் மதுரைக் குமரனார். பெருவேந்தரின் செல்வத்துக்கு எதிரே முஞ்ஞைக்கீரை நிறுத்தப்படுகிறது, வெல்வது கீரையே. ஔவையாரின் 140ஆம் பாடலில், பறித்த கீரையோடு சேர்க்கச் சிறிது அரிசி கேட்டதற்கு நாஞ்சில் வள்ளுவன் யானையையே கொடுத்துவிடுகிறான். கீரையோடு யானை பொருந்தாமை நகைச்சுவையாகிறது. இவ்விடங்களில் கீரை உண்போர் எவரும் நாணவில்லை.

நாணம் தோன்றும் சிறுபாணாற்றுப்படையிலும் ஒரு சொல் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. யார் பார்ப்பதற்குக் குடும்பம் நாணியது? மடவோர் பார்ப்பதற்கு. மடவோர் என்பார் அறிவிலார். அவ்வுணவை இழிவாகக் காணும் கண்ணையே புலவர் அறியாமை என்கிறார். காட்டுக்கீரை என்றதும் வறுமை என்று எழுதும் ஆய்வாளன், கதவுக்கு வெளியே நின்ற அம்மடவோரின் பார்வையையே தன் பார்வையாகக் கொள்கிறான் என்பது வருந்தத்தக்கது.

காடு என்னும் சொல்லும் காலமும்

வேளையைக் காட்டுத்தாவரம் என்பதும் முற்றும் சரியன்று. சிறுபாணாற்றுப்படையில் அது குப்பையில் முளைக்கிறது. 215ஆம் பாடலில் சாணத்தூள் படிந்த தெருவில் தழைக்கிறது. இரண்டும் எருவேறிய நிலங்கள். மனிதரும் ஆநிரையும் வாழ்வதால் உண்டாகும் மண்ணில் விதைக்காமல் வளரும் தாவரம் இது. அதனைக் காட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒரு வகையாகக் கொண்டு, தானே முளைப்பவை என்னும் பெயரால் சுட்டுவது ஏற்புடையது.

தானே முளைப்பவை எப்போதும் கிடைப்பனவும் அல்ல. 109ஆம் பாடலில் கபிலர், பறம்புமலையில் உழவரின்றி விளையும் உணவு நான்கு எனக் கூறி மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றை எண்ணுகிறார். முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கிய கூற்று அது. மூங்கில் இனங்கள் பல, பற்பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒருசேரப் பூத்து விதை தந்து மடிவன. மிசோரத்தில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும்போது எலிகள் பெருகிப் பயிரை அழிக்கின்றன. 1959இல் தொடங்கிய அத்தகைய பஞ்சமே 1966ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 2007ஐ ஒட்டி அது மீண்டும் நேர்ந்தது. ஆகவே கபிலரின் பட்டியலை ஆண்டுதோறும் பறம்பு தந்த விளைச்சலின் கணக்காக வாசிப்பது பொருந்தாது. அது பகைவரின் ஊக்கத்தைக் குலைக்கும் சொல்வன்மை. அதற்குள் மலைவாழ் மக்களின் உணவறிவு பொதிந்துள்ளது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வின் பணி.

இன்றைய விளைவு

இவ்வாசிப்புச் சிக்கல் இலக்கிய எல்லையோடு நிற்பதன்று. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர் குழுவுக்குக் காணி மக்கள் சிலர் வழிகாட்டினர். களைப்பின்றி நடந்த அவர்கள் இடையிடையே ஒரு சிறு செடியின் பழத்தை உண்டதைக் குழுவினர் கவனித்தனர். ஆரோக்கியப்பச்சை என இன்று அறியப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அம்மருந்தைத் தயாரிக்கும் உரிமை ஏழாண்டுகளுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு எனத் தீர்மானிக்கப்பட்டு, அதனைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பயன்பகிர்வுக்கு உலக அளவில் முன்னோடியாக இது போற்றப்பட்டது. ஆயினும் பிளாத்தி எனப்படும் காணி மருத்துவர் சிலர், தம் சமூகத்தின் அறிவு விற்கப்படுவதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். வழிகாட்டிய சிலரின் இசைவு சமூகத்தின் இசைவாகுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இங்கும் உணவே முதலில் வந்தது. நடக்கும்போது உண்ட பழம் ஆய்வகத்தில் மருந்தானது. ஆய்மகளின் தயிர்க்கூழும் காணியரின் பழமும் உணவு, மருந்து என்னும் பிரிவுக்கு முற்பட்ட அறிவைச் சார்ந்தவை.

உயிரியப் பல்வகைமைச் சட்டம் 2002இல் நிறைவேறியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின் மீதும் மரபறிவின் மீதும் வனவாழ் மக்களுக்குரிய உரிமையை ஏற்றது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, நூல்வழித் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்களித்தது. நூலில் உள்ள அறிவு, வாய்வழி அறிவு என்னும் பிரிவு இதனால் சட்டத்தின் எடை பெற்றுவிட்டது. ஏட்டில் ஏறிய அறிவும் ஒருகாலத்தில் யாரோ ஒரு ஆய்மகளின் வாய்மொழியாக இருந்தது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். கோப்பெருஞ்சோழன் பாடலில் அரசன் பெயர் நிலைத்தது. கூழைச் சமைத்தவள் பெயர் இல்லை.

எனவே மரபுத்தாவர அறிவைக் களத்தில் தொகுக்கும் தமிழ்த்துறைகளுக்குப் பொறுப்பு மிகுந்துள்ளது. செடியின் பெயரோடு அதனைச் சொன்ன சமூகத்தையும், அச்சமூகத்தின் முன்னிசைவையும், பக்குவ முறையையும், உண்ணும் காலத்தையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். எவற்றை வெளியிடக்கூடாது என்று அச்சமூகம் கருதுகிறதோ அவற்றை வெளியிடாதிருத்தலும் ஆய்வறமே.

முடிவுரை

வேளை, முஞ்ஞை, ஆம்பல் ஆகியவை புறப்பாடல்களில் வறுமையின் நிலையான குறியீடுகள் அல்ல. துணைப்பொருள் உண்டா, உண்பவருக்கு விருப்பம் உண்டா, உடனுண்பவர் யார் என்னும் மூன்றைப் பொறுத்தே அவற்றின் பொருள் அமைகிறது. பக்குவம் அறிந்த பெண்களின் அறிவே இப்பாடல்களில் உணவாக வெளிப்படுகிறது. பட்டியலிடும் ஆய்வு செடியைக் கண்டது. செடியைக் கிள்ளிய கையை அது காணவில்லை. அக்கையைக் காணாத ஆய்வு, அந்த அறிவு யாருக்குரியது என்னும் வினா எழும்போது சொல்வதற்கு ஏதுமின்றி நிற்கும்.