ஃபர்ஸ்ட் குரூப்பும் விரல் ரேகையும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கொரட்டூர் வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் ஒரு வழி, காமர்ஸ் எடுத்தால் வேறு வழி. பாதியில் மாறுவது கடினம். இந்தப் பதற்றத்தை நம்பித்தான் உளவியல் சோதனை என்ற பெயரில் பலதும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நல்லதும் உண்டு, போலியும் உண்டு.

போலியில் முதலிடம் 'டிஎம்ஐடி'க்கு. பத்து விரல்களையும் ஸ்கேன் செய்து, பிறவித் திறன், குணம், ஏற்ற தொழில் எல்லாவற்றையும் வண்ண அறிக்கையாகக் கொடுக்கும் வணிகம் இது. அறிவியல் மதிப்புக்காக இரண்டு பேரைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஒருவர், ரேகை ஆய்வுத் துறைக்கு 1926இல் பெயர் சூட்டிய அமெரிக்க உடற்கூறியலாளர் ஹெரால்டு கம்மின்ஸ். கருவிலேயே ரேகை உருவாகிவிடுகிறது என்பதும், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் ரேகை அமைப்பு வேறுபடுகிறது என்பதும் உண்மைதான். அதை வைத்துக்கொண்டு 'உங்கள் மகனுக்கு வணிகவியல் பொருந்தும்' என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை. மற்றவர், பன்முக அறிவுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னர். இந்தச் சோதனையைத் தான் ஏற்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2019இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் ஒரு பள்ளி இதைத் தன் வளாகத்துக்குள் அனுமதித்தால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

முறையான வினாத்தாள் சோதனைகளை இதோடு சேர்க்கக் கூடாது. ஆனாலும் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற இரு ஆய்வாளர்கள் 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள். ஒருவரின் ஆளுமைக் கூறுகள் சில ஆண்டுகள் கழித்தும் எவ்வளவு நிலைத்திருக்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு, குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அது 0.74ஐத் தொடுகிறது. அப்படியிருக்க, பதினைந்து வயதில் 'கூச்ச சுபாவம், தலைமைப் பொறுப்புக்கு ஆகாது' என்று எழுதித் தருவது, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் ஒருத்தியை முடிந்துபோனவளாக நடத்துவது.

சிபிஎஸ்இயும் என்சிஇஆர்டியும் உருவாக்கிய 'தமன்னா' நாட்டமறி தேர்வு இதில் பொறுப்பாக நடந்துகொள்கிறது. ஏழு திறன்களைப் பார்க்கிறது. தேர்ச்சி, தோல்வி கிடையாது. முடிவைக் காட்டி மாணவர் மீது எந்தப் பாடத்தையும் திணிக்கக் கூடாது.

சோதனை உண்மையிலேயே காப்பாற்றும் இடம் வேறொன்று. பாரிஸில் 1905இல் ஆல்ஃபிரட் பினே முதல் நுண்ணறிவுச் சோதனையை அமைத்ததே, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான். இன்றும் ஒரு பையன் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டத் தடுமாறுவான். வகுப்பில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அது கற்றல் குறைபாடு என்று முறையான மதிப்பீடு காட்டிவிட்டால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை அங்கீகரிக்கிறது. ஒரு சான்றிதழ் பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடும் இடம் இது. வருத்தம் என்னவென்றால், தேவையில்லாத பிள்ளைக்கு ரேகை அறிக்கை எளிதில் கிடைத்துவிடுகிறது. தேவைப்படும் பிள்ளையோ பத்தாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம்.

கருவிகளிலும் குறை உண்டு. நம் மருத்துவமனைகளில் இன்னும் புழங்கும் பினே-காமத் சோதனை, 1930களில் கன்னடமும் மராத்தியும் பேசிய குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. அதைத் தமிழில் வாய்மொழியாக மாற்றிக் கேட்கும்போது, வரும் எண்ணில் சில புள்ளிகள் கூடக் குறைய இருக்கலாம் என்பதைச் சோதிப்பவர் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும்.

பெற்றோரும் கேட்க வேண்டும். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா? எந்த வயது, எந்த மொழிப் பிள்ளைகளை வைத்துச் சோதனை தரப்படுத்தப்பட்டது? அறிக்கை பள்ளிக்கும் போகுமா? பிள்ளையுடன் தனியாக உட்கார்ந்து விளக்குவாரா? ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பாரா? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை.