‘தோல்’ நாவலும் தோலில் தெரியாத நோயும்

திண்டுக்கல் தோல்பதனிடும் தொழிலாளரின் வாழ்வே டி. செல்வராஜின் ‘தோல்’ (சாகித்திய அகாதமி விருது, 2012). சாதி, வர்க்க நோக்கிலான வாசிப்புடன் தொழில்நோய் நோக்கும் இந்நாவலுக்குத் தேவை. சுண்ணாம்புக் குழி தரும் புண் கண்ணுக்குத் தெரியும். சாயத்தின் கேடு அவ்வாறன்று. சாயத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் 1895இல் சுட்டினார். பென்சிடின் போன்ற அமீன்களால் வரும் புற்றுநோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகும். இளமையிலேயே சாயத்தைக் கையாண்டவர் நடுவயதில் நோயுறக்கூடும். இன்று பேசிலஸ் நுண்ணுயிரியை வளர்த்துப் பெறும் புரோட்டியேஸ் நொதி, முடிநீக்கத்தில் சுண்ணாம்பையும் சல்பைடையும் குறைக்கிறது. நொதித்தலின் விளைச்சல் பெருகினால் அதன் விலையும் குறையும். ஆயினும் சாயமிடும் கட்டத்தை அது தொடுவதில்லை. எனவே குழியின் துயர் தீர்ந்ததும் தொழிலாளர் உடல் காக்கப்பட்டதெனக் கொள்வது பிழை. புலப்படாத நோயையும் வினவுவதே திறனாய்வின் கடன்.