பல்லவிக்குத் திரும்பாத பாட்டு

ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழுவான ஓபெத், 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. எங்கள் சிவகாசியில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது சென்னை. ஆனால் அந்த வருஷம் எனக்கு மெட்டல் என்றாலே இரைச்சல். நாற்பத்தைந்தைத் தாண்டித்தான் காது இறங்கி வந்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேஸட்டைத் தேயத் தேயக் கேட்டவனுக்கு, நாலு வாத்தியம் நாலு வழியில் போவது ஒன்றும் புதிதில்லை. என்னைத் தடுத்தவை குரலும் நீளமும்தான்.

ஓபெத்தின் பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். கொஞ்ச நேரத்தில் அவரே இழைந்து பாடுவார். 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டைக் கேட்கிற புது ஆள் இரண்டு பாடகர்கள் என்றே நினைப்பார். பங்குனிப் பொங்கல் திருவிழாவில் அருள் வந்தவர் குரல் மாறிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நாம், இந்த உறுமலுக்கு முகம் சுளிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நீளம்தான் பெரிய பாடு. சினிமாப் பாட்டில் பழகிய காது பல்லவி எப்போது திரும்பும் என்று காத்துக்கொண்டே இருக்கும். இவர்களிடம் ஒரு பகுதி போனால் பெரும்பாலும் போனதுதான். 'டெலிவரன்ஸ்' (2002) என்ற பாட்டு 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் கடைசியில் ஒரே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் விடமாட்டார்கள். வெட்டு, இடைவெளி, மறுபடி வெட்டு, நாம் எதிர்பார்க்காத இடத்தில் இன்னொரு இடைவெளி. மார்ட்டின் லோப்பஸின் கால் டிரம் கிடாரோடு ஒட்டிக்கொண்டே போகும். தொடையில் தாளம் போட்டால் நழுவிவிடும். எண்ணுவதை விட்டு அந்த இடைவெளிகளைக் கேட்டால் பிடிபடும்.

இதைப் பிடிக்க எனக்கு உதவியது அச்சகப் பழக்கம். அச்சகத்தில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழவேண்டும். ரெஜிஸ்டர் மயிரிழை தப்பினாலும் காலண்டர் லட்சுமிக்கு இரண்டு உதடு. தாளைக் கையில் எடுத்து நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிற அந்தப் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. ஒருதரம் டிரம்ஸை மட்டும் கேட்பது, இன்னொருதரம் மார்ட்டின் மெண்டஸின் பேஸ் கிடாரை மட்டும் தொடர்வது. பேஸைப் பின்தொடர்ந்த அன்றுதான், இரைச்சல் என்று நினைத்த இடத்தில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

புதிதாக வருகிறவர்கள் 'டாம்னேஷன்' (2003) ஆல்பத்தில் தொடங்கலாம். உறுமலே கிடையாது. 'டெலிவரன்ஸ்' ஆல்பம் போலவே இதிலும் தயாரிப்பில் போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் கை இருக்கிறது.

2011-ல் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தோடு ஓகர்ஃபெல்ட் உறுமலை ஓரங்கட்டினார். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். பிந்தி வந்த எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. 'ஹெரிட்டேஜ்' நல்ல ஆல்பம்தான். 2024-ல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் உறுமல் திரும்பிவிட்டது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலும் அதில் உண்டு. ஆனாலும் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) பக்கத்தில் வைத்தால் அது ஒரு படி கீழேதான் என்பது என் கட்சி.