ரிட்டயர் ஆகாத பாட்டி

திருச்செங்கோட்டில் நாலு பேரை நிறுத்தி, ‘‘வாழ்க்கையில உங்க லட்சியம் என்னங்க?’’ என்று கேட்டுப் பாருங்கள். ரிக் வண்டி வைத்திருப்பவர், ‘‘இன்னொரு வண்டி’’ என்பார். பிளஸ் டூ பையனின் அப்பா, ‘‘மெடிக்கல் சீட்டு’’ என்பார். தப்பே இல்லை. ஆனால் வண்டியும் வந்து, சீட்டும் கிடைத்த மறுநாள் காலையில் என்ன செய்வது?

இதற்குப் பதில் சொல்லும் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அமெரிக்கப் பாதிரியார் ரிக் வாரன் 2002-ல் எழுதிய ‘தி பர்ப்பஸ் டிரிவன் லைஃப்’ ஒரு 40 நாள் பாடம். கோடிக்கணக்கில் விற்றது. எனக்கென்னவோ 40 நாளில் கிடைக்கிற பதிலைவிட, 60 வருஷம் வாழ்ந்து காட்டிய பதில்மேல்தான் நம்பிக்கை. அது நாமக்கல் தாண்டினால் வரும் கொல்லிமலையில் இருக்கிறது.

டோரதி கிளார்க் வில்சன் 1976-ல் எழுதிய ‘கிரானி பிராண்ட்’, ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரியின் கதை. லண்டனில் வசதியான வீட்டுப் பெண். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டைக் கல்யாணம் செய்துகொண்டு கொல்லிமலை ஏறினார். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் போகிறது. அன்று ரோடே கிடையாது. மலேரியாவும் நரம்புச்சிலந்தியும்தான் வரவேற்றன. மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வேதம் சொல்லத்தான் வந்தோம் என்பதை ஒளிக்கவும் இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி கடும் காய்ச்சலில் இறந்துபோனார்.

கதையின் உச்சம் அதற்குப் பிறகுதான். எழுபதை நெருங்கும்போது, ‘வயசாகிவிட்டது, போதும்’ என்றது மிஷன். ஒரே ஒரு வருஷம் மலைக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சிப் போனார் ஈவ்லின். வருஷம் முடிந்ததும் மிஷன் வேலையை விட்டார், மலையை விடவில்லை. 1974-ல், 95 வயதில் சாகும்வரை அந்த மக்களோடுதான். கடைசி 20 வருஷம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் மகன் டாக்டர் பால் பிராண்ட்.

நான் பி.காம். படித்தவன். வரவு மட்டும் எழுதிய கணக்கை நம்பமாட்டேன். இந்த வகை மிஷனரி வரலாறுகளின் பலவீனமே, செலவுப் பக்கத்தைச் சுருக்கி எழுதுவதுதான். அந்தப் பக்கத்தைப் பார்க்க, பால் 1993-ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய ‘பெய்ன்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்’ புத்தகத்தையும் கையில் எடுங்கள். 1923-ல், ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்ட பிள்ளை அவர். அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. சாவுச் செய்தி வந்த பிறகு, அப்பாவின் கடைசிக் கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது! பின்னாளில் அவர் வேலூர் வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். அதனால் அந்தச் சிறுவனின் ஆறு வருஷம் நேராகிவிடுமா என்ன?

கிறிஸ்தவர்கள் இதை ‘அழைப்பு’ என்கிறார்கள். லட்சியத்தை நாம் தேடிப் பிடிப்பதில்லை; ஒருவர் கூப்பிடுகிறார், நாம் போகிறோம். டார்கெட் என்றால் ஒருநாள் முடிந்துவிடும். கூப்பிட்ட குரலுக்கு ரிட்டயர்மென்ட் தேதி ஏது? கூப்பிட்டவரை நம்பாதவர்கள்கூட, ‘நான் யாருக்குத் தேவை?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டையும் சேர்த்தே படியுங்கள். அம்மாவின் துணிச்சல் ஒன்றில், பிள்ளை கட்டிய பில் மற்றதில். பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடக் காத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை!