421 என்ன சொல்கிறது?

நாவலூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக, 'நாளை தண்ணி லாரி வராது' என்று 600 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பாதிப் பேருக்குப் போகவில்லை. 'இணைப்புகள் அதிகம்' என்று 421 பிழை.

தேடினால் எங்கும் ஒரே அறிவுரைதான்: 'வரம்பைக் கூட்டு'. நான் இதை ஏற்கமாட்டேன். அந்த வரம்பை வைத்தது மடலை வாங்கும் சர்வர்; அது நம் கையில் இல்லை. 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 தெளிவாகவே சொல்கிறது: 5இல் தொடங்கும் எண் நிரந்தர மறுப்பு, 4இல் தொடங்குவது தற்காலிகம். அதாவது 421 என்றால் 'அப்புறம் வா'. மறுமுயற்சிக்குப் பொதுவாக 30 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது அதே ஆவணம்.

என் நிரலோ மடலுக்கு ஒரு இணைப்பு திறந்தது. மறுத்ததும் உடனே மறுபடி தட்டியது. ஒரே இணைப்பில் வரிசையாகப் பல மடல்கள் அனுப்பலாமே! அப்படி மாற்றி, இடைவெளியும் விட்டேன். எல்லாம் போச்சு. ஆனால் சிலருக்கு அந்தச் செய்தி குழாய் காய்ந்த பிறகுதான் கிடைத்தது.