கவிவாணர் எழுத்துரு: ஒரு மதிப்பீடு

கவிவாணர் என்பது இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய, கையெழுத்துச் சாயல் கொண்ட தமிழ் எழுத்துரு ஆகும். இலத்தீன் எழுத்துகளும் இதில் உண்டு. கூகுள் எழுத்துருத் தளத்தில் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் சிறப்பு சாய்வு. தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நேரெழுத்தே கோணலாகிறது, சுழிகள் நசுங்குகின்றன. கவிவாணரில் சாய்வு எழுத்தோடு சேர்த்தே வரையப்பட்டது. ஆகவே படிக்க இதமாக இருக்கிறது.

குறையைக் காண ஓர் ஊர்ப்பெயர் போதும். புதுச்சேரியை ஒட்டி, மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள கோட்டக்குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 'கோட்டக்குப்பம்' என்ற பெயரில் ககரம் மூன்று முறையும், டகரமும் பகரமும் இருமுறையும், புள்ளி நான்கு முறையும் வருகின்றன. சுவரில் தூரிகையால் எழுதும் ஓவியர் இரண்டாவது டகரத்தை முதலாவதைப் போலவே இழுப்பதில்லை. இடம் பார்த்து நீட்டுவார், குறுக்குவார். எழுத்துருவில் இரண்டும் ஒரே அச்சு. பலகை அளவுக்குப் பெரிதாக்கினால் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். தமிழில் மெய் இரட்டித்து வருவது மிகுதி என்பதால் இது சிறு குறையன்று.

ஓர் எழுத்துக்கு மாற்று வடிவங்கள் வரைந்து, அவை அடுத்தடுத்து மாறி வரச் செய்ய ஓப்பன்டைப் நுட்பத்தில் வழியுண்டு. உரிமம் திருத்தத்தை அனுமதிப்பதால் மாணவர்களே முயலலாம். அதுவரை அழைப்பிதழுக்கும் கவிதைத் தலைப்புக்கும் கவிவாணர் பொருந்தும். கடைப் பலகைக்கு ஓவியரின் கையே மேல்.